புள்ளிப் பட்டியலைப் பார்த்து ஆளை எடைபோடாதீர்கள்: கேலிக் ஃபுட்பால் வாதங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அயர்லாந்தின் ஆட்டமான கேலிக் ஃபுட்பாலைத் தமிழில் எழுதினால் யாரோ யாரையோ கேலி செய்வதுபோல் தொனிக்கும். டப்ளினிலோ கார்க்கிலோ இருப்பவர்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிச் சிரிக்க வேண்டாம். தன் கவுண்டி (மாவட்டம்) அணி தோற்ற ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவர் எதற்குமே சிரிக்க மாட்டார். யார் நன்றாக ஆடினார், யார் சொதப்பினார், யார் அழுகுணி ஆட்டம் ஆடினார் என்ற பேச்சு அடுத்த ஞாயிறு வரை ஓடும். வருடக்கணக்காகப் பார்ப்பவர்கள்கூட அந்தப் பேச்சில் ஒரே பிழைகளைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்.

முதல் பிழை கணக்கில். ஒரு அணிக்கு 15 பேர். பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே, இரண்டு தூண்களுக்கு நடுவே போனால் 1 புள்ளி. கம்பத்துக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், அது 3 புள்ளிக்குச் சமம். 1-12 என்றால் ஒரு கோலும் 12 புள்ளியும், மொத்தம் 15. இதுவரை எல்லோருக்கும் தெரியும். 2025-இல் வந்த புது விதிப்படி, 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து அடித்துக் கம்பத்துக்கு மேலே போனால் 2 புள்ளி. அதற்கு ஆரஞ்சுக் கொடி ஆட்டுவார்கள். ஆனால் யார் எவ்வளவு எடுத்தார் என்று வெளிவரும் பட்டியலில் இதற்குத் தனிக் கட்டம் கிடையாது, புள்ளிக் கணக்கிலேயே சேர்ந்துவிடும். அதனால் ஒருவர் பெயருக்கு நேரே 0-8 என்று இருந்தால் அவர் எட்டு முறை அடித்தார் என்று அர்த்தமில்லை. அடைப்புக்குறிக்குள் இருப்பதையும், அதாவது எத்தனை ஃப்ரீயில் (எதிரணி விதி மீறியதால் கிடைக்கும் அடி) வந்தவை என்பதையும், படிக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 0-8 எடுத்தவர் சாதாரண ஃப்ரீ நான்கு, வளைவுக்கு வெளியிலிருந்து ஒரு இரட்டைப் புள்ளி ஃப்ரீ, ஓடும் ஆட்டத்தில் இரண்டு என்று அடித்திருக்கிறார். ஓடும் ஆட்டத்தில் அவர் பங்கு வெறும் 0-2. அதே அணியில் இன்னொருவரும் 0-2 எடுத்திருக்கிறார். ஆனால் அந்த நான்கு ஃப்ரீயும் எதிரணி இந்த இரண்டாம் ஆளைத் தடுக்க முடியாமல் இழுத்ததால் கிடைத்தவை. பட்டியலில் முதல் ஆள் ராஜா, இரண்டாம் ஆள் ஒப்புக்குச் சப்பாணி. ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தவருக்கு நிலவரம் வேறு. ஃப்ரீ அடிப்பது சின்ன வேலை என்று சொல்லவில்லை, 80,000 பேர் முன்னால் நின்று அடிக்கிற நெஞ்சு எல்லோருக்கும் வராது. ஃப்ரீயை அடித்தவர் ஒருவர், சம்பாதித்தவர் இன்னொருவர். இரண்டையும் தனித்தனியாக எண்ணுங்கள்.

தவறவிட்ட அடிகளிலும் தரம் உண்டு. பந்து அகலமாக வெளியே போனால் (அதுதான் வைட்) எதிரணிக்குக் கிக்-அவுட், அதாவது அவர்கள் கீப்பர் பந்தை அடித்து ஆட்டத்தை மறுபடி தொடங்குவார். அதற்குள் தற்காப்பு வரிசையை ஒழுங்குபடுத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். பந்து எட்டாமல் கோல்கீப்பர் கையில் விழுந்தால் அந்த நேரம் கிடைக்காது. ஃபார்வர்டுகள் எல்லாம் முன்னால் மாட்டிக்கொண்டிருக்க, எதிரணி அங்கிருந்தே பாய்ந்துவிடும். 'நான்கு வைட் அடித்தான்' என்று திட்டுபவர்கள், இரண்டு முறை பந்தைக் கீப்பர் மடியில் போட்டவரை விட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு சிக்கல், டிவி கேமரா பந்தின் பின்னாலேயே போகிறது. நடுக்களத்தில் உயரக் குதித்து இரண்டு கையாலும் பந்தைப் பிடிப்பவரை எல்லோரும் பார்க்கிறார்கள். முஷ்டியால் தட்டிவிட்ட பந்தைக் கீழே ஓடிவந்து பொறுக்குபவரை யாரும் பார்ப்பதில்லை. ஒருவரைப் பற்றி வாதாடப் போகிறீர்கள் என்றால், மறு ஒளிபரப்பில் பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பத்து நிமிடம் கவனியுங்கள். கேமராச் சட்டத்துக்குள் எத்தனை முறை வருகிறார், எந்தப் பக்கம் ஓடிவிட்டு வருகிறார் என்பதே பாதி கதையைச் சொல்லிவிடும்.

சட்டை எண்ணைப் பார்த்து வேலையை முடிவு செய்வதும் பழைய பழக்கம். 3 என்றால் ஃபுல்-பேக், கோலுக்கு முன்னால் நிற்கிற ஆள் என்பது பாடப்புத்தகம். 2024 அகில அயர்லாந்து (கவுண்டி அணிகளின் முதன்மைப் போட்டி) இறுதியில் கால்வேயை ஆர்மா 1-11, 0-13 என்று ஒரே புள்ளியில் வென்றது. அந்த ஒரே கோலை அடித்தவர் ஆர்மாவின் ஃபுல்-பேக் ஏரன் மெக்கே. ஃபுல்-பேக்குக்குப் பக்கத்தில் நிற்கும் கார்னர்-பேக்கைப் பற்றிப் பேசும்போதும் 'இவன் காத்த ஆள் 0-5 எடுத்துவிட்டான்' என்று நிறுத்தாதீர்கள். அந்த ஐந்தில் எத்தனை மற்றவர்கள் கொடுத்த ஃப்ரீ, காவல் ஆளை மாற்றிய பிறகு வந்தவை எத்தனை என்று கழித்துப் பாருங்கள். ஐந்து இரண்டாகக்கூடக் குறையலாம்.

கோல்கீப்பர் விஷயத்தில் நிதானம் தேவை

இந்த ஆட்டத்தில் கீப்பரின் முக்கிய வேலை பந்தைத் தடுப்பது என்று நினைப்பவர்கள் அதிகம். ஒரு ஆட்டத்தில் அவர் தடுக்க வேண்டிய கோல் முயற்சிகள் சொற்பம். அவர் அடிக்கும் கிக்-அவுட்டுகள் அதைப்போலப் பல மடங்கு. ஒவ்வொரு கிக்-அவுட்டும் பந்து யாரிடம் இருக்கும் என்பதை முடிவு செய்கிறது. டப்ளின் கீப்பர் ஸ்டீஃபன் கிளக்ஸ்டன் இந்த வேலையை ஒரு கலையாகவே மாற்றினார்.

2016 அகில அயர்லாந்து இறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். டப்ளின் 2-9, மேயோ 0-15, சமன். டப்ளினின் இரண்டு கோலும் மேயோக்காரர்கள் தங்கள் வலைக்குள்ளேயே விட்டவை. மறு ஆட்டத்துக்கு மேயோ பயிற்சிக் குழு கீப்பர் டேவிட் கிளார்க்கை உட்காரவைத்து ராப் ஹெனலியை இறக்கியது. கிளார்க் பந்தைத் தடுப்பதில் கெட்டிக்காரர். ஹெனலியின் கிக்-அவுட் நீளம். கணக்கு அதுதான். இரண்டாம் பாதியில் உயரமாக வந்த ஒரு பந்தை ஹெனலி நழுவவிட்டார், அடுத்த நொடி டப்ளின் ஆளை இழுத்துச் சாய்த்தார். கறுப்பு அட்டை (வாங்கியவர் வெளியேற வேண்டும், விவரம் கீழே), பெனால்ட்டி. கிளார்க் உள்ளே வந்து முதல் வேலையாக டியர்மிட் கானலியின் பெனால்ட்டியை எதிர்கொண்டார், அது கோல். முடிவு 1-15, 1-14, ஒரே புள்ளி. அந்த வருட ஆல் ஸ்டார் (வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள்) அணியில் கீப்பர் யார் தெரியுமா? உட்காரவைக்கப்பட்ட கிளார்க்.

இதில் ஹெனலியைத் திட்டுவது சுலபம். ஆனால் வாதம் இரண்டு: அவர் நழுவவிட்டது ஆட்டக்காரரின் பிழை, கீப்பரை மாற்றியது தேர்வாளர்களின் முடிவு. இரண்டையும் ஒரே தலையில் கட்டினால் எந்த வாதமும் உருப்படாது. தவிர, மாற்றியது தப்பு என்பவர்கள் அன்றைய கிக்-அவுட்டுகளில் மேயோ எத்தனை வென்றது என்பதையும் எண்ணியிருக்க வேண்டும்.

அதே இரண்டு ஆட்டங்களில் மேயோவின் சிலியன் ஓ'கானரையும் பாருங்கள். முதல் ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் சமன் செய்த புள்ளி அவருடையது. 13 நாள் கழித்து மறு ஆட்டத்தின் கடைசியில் சமன் செய்திருக்கக்கூடிய ஃப்ரீயை அவர் தவறவிட்டார். அன்று மேயோவுக்கு அதிகப் புள்ளி எடுத்தவரும் அவரே. கடைசி அடியை மட்டும் வைத்து ஒருவருக்கு மதிப்பெண் போட்டால், 13 நாளில் அவரே வீரனாகவும் துரோகியாகவும் ஆகிவிடுவார். தோற்ற அணியில் சிறந்த ஆட்டக்காரர் இருக்கக் கூடாது என்றும் சட்டமில்லை. 2016-இல் லீ கீகன், 2017-இல் ஆண்டி மோரன் என்று வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது அடுத்தடுத்து மேயோவுக்குப் போனது, அந்த இரண்டு இறுதியிலும் மேயோ தோற்றிருந்தும்.

2025-க்கு முந்தைய எண்களோடு இப்போதைய எண்களை ஒப்பிடுவது இப்போது புதிதாகப் பெருகிவரும் பிழை. இப்போது கிக்-அவுட் 40 மீட்டர் வளைவைத் தாண்டியாக வேண்டும், பக்கத்தில் நிற்கும் கார்னர்-பேக்குக்குத் தட்டிவிட முடியாது. எதிரணிப் பாதியில் குறைந்தது மூன்று பேர் எப்போதும் இருந்தாக வேண்டும், எல்லோரும் பின்னால் போய்ச் சுவராக நிற்க முடியாது. அதனால் கீப்பர்களின் கிக்-அவுட் தம் அணிக்கே கிடைக்கும் விகிதம் இறங்கும், ஃபார்வர்டுகளின் புள்ளி ஏறும், கார்னர்-பேக்குகள் தனியே மாட்டுவார்கள். ஆள் மோசமாகிவிட்டான் என்று சொல்வதற்கு முன் விதி மாறியதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

அழுகுணி ஆட்டம் எது, கடின ஆட்டம் எது

தோளோடு தோள் மோதுவது, ஒரு காலாவது தரையில் இருக்கும் வரை, சட்டப்படி சரி. பார்க்கப் பயங்கரமாக இருக்கும், அவ்வளவுதான். 'கறுப்பு அட்டை கொடு' என்று கத்துபவர்களில் பலர் அதைக் கடுமைக்கான தண்டனை என்று நினைக்கிறார்கள். அது தந்திரத்துக்கான தண்டனை: வேண்டுமென்றே இழுத்துச் சாய்ப்பது, வேண்டுமென்றே கால் இடறுவது, பந்தைக் கொடுத்துவிட்டு ஓடுபவரை உடம்பால் மறித்து நிறுத்துவது போன்றவை. சட்டையைப் பிடித்து இழுத்தால் மட்டும் போதாது, ஆளைத் தரையில் தள்ளியிருக்க வேண்டும். 2014-இல் அறிமுகமானபோது கறுப்பு அட்டை வாங்கியவர் வெளியேற, அவருக்குப் பதில் வேறொருவர் வருவார். 2020 முதல் அவர் 10 நிமிடம் வெளியே, அணி 14 பேரோடு ஆட வேண்டும். 2016 கதையில் ஹெனலிக்குப் பதில் கிளார்க் வந்தது பழைய விதிப்படி.

இதில் ஒரு கட்டுக்கதையும் சுற்றுகிறது. 2013 ஆகஸ்டில் குரோக் பார்க்கில் மோனகனின் கோனர் மக்மானஸ் கோலை நோக்கி ஓடும்போது டைரோனின் ஷான் கேவனா ரக்பி பாணியில் அவரைக் கட்டிப்பிடித்துச் சாய்த்தார். அன்றைய விதிப்படி ஒரு ஃப்ரீ, ஒரு மஞ்சள் அட்டை. தொலைக்காட்சியில் விமர்சகர் ஜோ பிராலி கேவனாவை மனிதராகவே மதிக்க முடியாது என்ற அளவுக்குப் பொரிந்து தள்ளினார். அதனால்தான் கறுப்பு அட்டை வந்தது என்று இன்றும் சொல்கிறார்கள். இல்லை. அதற்கு முன்பே, அந்த வருட மார்ச்சில், கேலிக் விளையாட்டுச் சங்கத்தின் மாநாடு அந்த அட்டைக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டது. நடைமுறைக்கு வருவதுதான் பாக்கி.

அந்தச் சம்பவத்தில் கேள்விகள் இரண்டு. அன்றைய விதி என்ன தண்டனை சொன்னது? அது யோக்கியமான ஆட்டமா? கேவனா விதி வைத்த விலையைக் கொடுத்து ஒரு கோலைத் தடுத்தார். விலை மலிவாக இருந்தது விதி எழுதியவர்களின் குறை. அதற்காக அது அழகான ஆட்டம் ஆகிவிடாது. அதற்காக அந்த மனிதரின் குணத்துக்குச் சான்றிதழ் எழுதும் வேலையும் நமக்கு வேண்டாம்.

தம் ஆள் செய்ததை மறந்துவிட்டு எதிராளி செய்ததை மட்டும் நினைவில் வைப்பதற்கு 2017 இறுதியைவிட நல்ல உதாரணம் கிடையாது. கூடுதல் நேரம், சமன், டப்ளினின் டீன் ராக் ஃப்ரீ அடிக்க ஓடி வருகிறார். மேயோவின் லீ கீகன் தன் முதுகில் கட்டியிருந்த ஜிபிஎஸ் கருவியை எடுத்து அவரை நோக்கி எறிகிறார். பந்து நேராகக் கம்பத்துக்கு மேலே. அடுத்த கிக்-அவுட்டில் மேயோக்காரர்கள் பந்துக்கு ஓட முடியாதபடி டப்ளின் ஃபார்வர்டுகள் அவர்களைப் பிடித்துச் சாய்க்கிறார்கள். கியரன் கில்கென்னிக்குக் கறுப்பு அட்டை. டப்ளின் 1-17, மேயோ 1-16. டப்ளின் ரசிகருக்கு ஜிபிஎஸ் மட்டும் ஞாபகம், மேயோ ரசிகருக்கு அந்தக் கடைசிக் கிக்-அவுட் மட்டும்.

அதே ஆட்டத்தில் மேயோவுக்கு உண்மையில் விலையாக முடிந்தது வேறொன்று. ஏற்கெனவே மஞ்சள் அட்டை வாங்கியிருந்த டப்ளினின் ஜான் ஸ்மால் மேயோ ஆளை மோதி வெளியேற வேண்டிய நிலை. புள்ளி எடுக்கும் தூரத்தில் மேயோவுக்கு ஃப்ரீ. அந்த நேரம் மேயோவின் டோனல் வான் பாய்ந்துபோய் ஸ்மாலைத் தாக்கினார். அவருக்கும் சிவப்பு, ஃப்ரீ ரத்தாகி, நடுவர் பந்தைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கினார். எதிரணி ஒரு ஆள் குறைவாக ஆடும் வாய்ப்பும், கையில் இருந்த ஒரு புள்ளியும் ஒரே நொடியில் போனது. தோற்றது ஒரே புள்ளியில்.

இப்போது அந்த விலை இன்னும் ஏறிவிட்டது. நடுவரிடம் வாக்குவாதம் செய்தாலோ, ஃப்ரீ கொடுத்த பின் பந்தைத் தராமல் இழுத்தடித்தாலோ ஃப்ரீ 50 மீட்டர் முன்னால் போகும். நடுக்களத்தில் கிடைத்த ஒன்றுமில்லாத ஃப்ரீ கோலுக்கு அருகே வந்துவிடும். அடிப்பவர் விரும்பினால் வளைவுக்கு வெளியே கொண்டுபோய் 2 புள்ளிக்கும் முயலலாம். பட்டியலில் அடித்தவர் பெயர் இருக்கும். வாயைத் திறந்தவர் பெயர் எங்கும் இருக்காது. வாதத்தில் அந்தப் பெயரைத் தேடிச் சேருங்கள்.

சொல்லும் விதத்திலும் கவனம் வேண்டும். இவர்கள் யாரும் சம்பளத்துக்கு ஆடுபவர்கள் இல்லை. திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடத்திலோ வங்கியிலோ உங்களுக்கு எதிரே நிற்கலாம். '40-ஆவது நிமிடத்துக்குப் பிறகு அவன் ஆளைத் தொலைத்துவிட்டான்' என்பது விமர்சனம். 'சட்டைக்கு லாயக்கில்லை' என்பது வசவு. 18 வயதுக்கு உட்பட்டவர்களின் ஆட்டத்தில் பெயர் சொல்லிக் குறை கூறவே கூடாது.

நடுவரைப் பற்றிப் பேசும்போது, களத்தில் ஒரே நடுவர், இரண்டு எல்லைக்கோட்டு நடுவர்கள், கோல் பக்கத்தில் நான்கு பேர் என்பதை மறக்காதீர்கள். வீடியோ நடுவர் கிடையாது. குரோக் பார்க்கில் உள்ள ஹாக்-ஐ என்ற கேமராத் தொழில்நுட்பம், பந்து தூண்களுக்கு நடுவே போனதா என்பதை மட்டும் சொல்லும். நீங்கள் ஆறு முறை மெதுவாக ஓட்டிப் பார்ப்பதை அவர் ஒரே முறை, ஓடிக்கொண்டே பார்க்கிறார். அட்டை கொடுத்ததோடு கதை முடிந்ததாகவும் எண்ண வேண்டாம். 2015 அரையிறுதியில் சிவப்பு அட்டை வாங்கிய டப்ளினின் கானலி, மேல்முறையீட்டில் வென்று மறு ஆட்டத்தில் ஆடினார்.

நடுவர் உண்மையிலேயே தவறினாலும் பழியை யார்மீது போடுவது என்பதில் குழப்பம் வரும். 2010 ஜூலையில் லெய்ன்ஸ்டர் மாகாண இறுதி; லௌத் 1957-க்குப் பிறகு முதல் பட்டத்துக்கு ஒரு புள்ளி முன்னிலையில் நின்றது. கூடுதல் நேரத்தில் மீத்தின் ஜோ ஷெரிடன் பந்தைக் கையில் வைத்தபடியே கோட்டைத் தாண்டி விழுந்தார். விதிப்படி அது கோல் இல்லை. நடுவர் கோல் கொடுத்தார். மீத் 1-12, லௌத் 1-10. களத்துக்குள் புகுந்த சிலர் நடுவரையே அடித்தார்கள், அதுதான் அன்றைய பெரிய அசிங்கம். ஷெரிடன் விசில் வரும்வரை ஆடினார். அவரை ஏமாற்றுக்காரர் என்பது பொருந்தாது. மறு ஆட்டத்துக்கு உத்தரவிடும் அதிகாரம் சங்கத்துக்கு இல்லை, மீத் நிர்வாகம் மனது வைத்தால் ஆடியிருக்கலாம். வைக்கவில்லை. பண்பைப் பற்றிய கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் அந்த நிர்வாகம்தான், ஷெரிடன் இல்லை.

லௌத் அந்தப் பட்டத்தை எடுக்க 2025 மே வரை ஆனது. இறுதியில் எதிரணி மறுபடியும் மீத். ஸ்கோர் 3-14, 1-18; வித்தியாசம் இந்த முறையும் இரண்டே புள்ளி.