டாட்ஜர்ஸ் ஆட்டத்தில் யாரைப் பார்ப்பது? ஒரு பாளையங்கோட்டை டெய்லர் பொறுக்கிய ஐந்து பேர்

பேஸ்பால் பந்தில் 108 தையல் உண்டு. மெழுகு பூசிய சிவப்பு நூல், முழுக்கக் கைவேலை. எட்டு வடிவத்தில் வெட்டிய இரண்டு தோல் துண்டுகளை ஒரு சுருக்கம் விழாமல் உருண்டையாகச் சேர்த்திருப்பார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் லீவுக்கு வந்தபோது அப்படி ஒரு பந்தைக் கொண்டுவந்து கட்டிங் மேஜையில் வைத்தான். "மாமா, ஆட்டத்த அப்புறம் பாருங்க. மொதல்ல தையலப் பாருங்க" என்றான். முப்பது வருஷமாகச் சட்டை தைக்கிறவனுக்கு அது போதாதா? அன்றே பிடித்துக்கொண்டது. அவன் ஊர் டீம் டாட்ஜர்ஸ்தான் எனக்கும் டீம்.

டாட்ஜர்ஸ் சொந்த ஊரில் ராத்திரி ஏழு மணிக்கு மேல் தொடங்கும் ஆட்டம் நமக்கு மறுநாள் காலை 7.40. கடை திறக்கப் பத்து மணி ஆகும். கடுங்காப்பியைக் குடித்துவிட்டு, போனை மிஷின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு பாதி ஆட்டமாவது பார்த்துவிடலாம். புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் சொல்லும் குறை ஒன்றுதான்: "அண்ணாச்சி, யாரப் பாக்கணும்னே தெரியல." சீசனில் ஒரு அணிக்கு 162 ஆட்டம். எல்லாரையும் பார்க்கப் போனால் ஒருவரும் மனதில் நிற்க மாட்டார். அதனால் ஐந்து பேரைப் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

பொறுக்கும்போது ஹோம் ரன் (அடித்த பந்து எல்லைச் சுவரைத் தாண்டிப் போவது, நம் சிக்ஸர் மாதிரி) கணக்கை மட்டும் பார்த்துப் பொறுக்காதீர்கள். ஹோம் ரன் எப்போதாவது வரும். ஆட்டமோ மூன்று மணி நேரம் ஓடும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஆள் என்று வைத்தால் எந்த இன்னிங்ஸிலும் கண்ணுக்கு வேலை இருக்கும். எறிகிறவர் ஒருவர், அடிக்கிறவர் ஒருவர், பந்து பிடிக்கிறவர் ஒருவர், இக்கட்டான நேரத்துக்கு ஒருவர். ஐந்தாவது இடத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். சோதனை ரொம்ப எளிது. அந்த ஆள் வரும்போது என் கை தானாகப் போய் மிஷின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிறதா? நிறுத்தினால் அவர் என் ஆள்.

முதல் பெயர் ஷோஹெய் ஓட்டானி. இதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. பத்து வருஷத்துக்கு 70 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டு வந்தவர். 2024-ல் 54 ஹோம் ரன் அடித்தார், 59 பேஸ் திருடினார். ஒரே சீசனில் இரண்டிலும் ஐம்பதைத் தொட்டவர் அதற்கு முன் யாருமே கிடையாது. பேஸ் என்பது ஓடித் தொட வேண்டிய முனை; எல்லாவற்றையும் சுற்றி வந்து ஹோமைத் தொட்டால் ஒரு ரன். யாரும் அடிக்காமலே அடுத்த முனைக்கு ஓடிவிடுவதுதான் திருட்டு. ஆனால் அவரைப் பார்க்கும் விதம் ஒன்று உண்டு. அவர் முதல் பேஸில் நிற்கும்போது பந்தைப் பார்க்காதீர்கள், அவர் காலைப் பாருங்கள். அடுத்த பேஸ் 90 அடி தூரத்தில் இருக்கிறது. பந்து எறிகிற பிட்சர் கையைத் தூக்குவதற்குள் வலது கால் எப்படித் திரும்புகிறது, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனித்தால் ஓடப் போகிறாரா இல்லையா என்பது உங்களுக்கே பிடிபட ஆரம்பிக்கும்.

2025 தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை காலை. டெய்லருக்கு அது எப்படிப்பட்ட நாள் என்று சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. காஜா எடுக்கும் தம்பி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் போன். வேர்ல்டு சீரிஸ் என்கிற இறுதிச் சுற்றுக்கு முந்தைய சுற்று, மில்வாக்கி அணியோடு நான்காவது ஆட்டம். ஓட்டானி முதலில் பந்து எறிந்து மூன்று பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார், அதாவது பந்தைச் சரியாக அடிக்கவே விடாமல் அவுட். அப்படியே மட்டையை எடுத்துக்கொண்டு போய் ஹோம் ரன் அடித்தார். தம்பி ஊசியைக் கீழே வைத்துவிட்டான். "அண்ணாச்சி, இவனே எறியுதான், இவனே அடிக்கான்!" அன்று ஆறு இன்னிங்ஸுக்கு மேல் எறிந்து ஒரு ரன்னும் கொடுக்கவில்லை, பத்துப் பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், மூன்று ஹோம் ரன் அடித்தார். இரண்டாவது அடி வலது பக்கக் கூரையையே தாண்டிப் போனது. சட்டை வாங்க வந்த ஒருவர் வாசலில் நின்றபடியே முழு இன்னிங்ஸையும் பார்த்துவிட்டுத்தான் "என் சட்டை முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

எறிகிறவர்களில் என் ஆள் யோஷினோபு யாமமோட்டோ. ஆள் அப்படி ஒன்றும் உயரமில்லை. பிட்சர் நிற்கும் இடத்துக்கும் அடிக்கிறவருக்கும் நடுவே 60 அடி 6 அங்குலம்தான், நம் கிரிக்கெட் பிட்சைவிடக் குறைவு. அதற்குள் பந்தைக் கீழே விழ வைக்கிறார். அவருடைய ஸ்ப்ளிட்டரைப் பார்க்கும்போது பந்து விழும் இடத்தைப் பார்த்துப் பயனில்லை. ஸ்லோ மோஷனில் திரும்பப் போடுவார்கள், அப்போது விரலைப் பாருங்கள். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே பந்தை அகலமாக இடுக்கியிருப்பார். அப்படிப் பிடித்து எறிந்தால் பந்து அதிகம் சுழலாது. நேராக வருகிற மாதிரியே வந்து, மட்டைக்குப் பக்கத்தில் பொத்தென்று இறங்கும். நான் மருமகன் தந்த பந்தை அதே மாதிரி இடுக்கிப் பார்த்தேன். விரல் நடுவில் வலிதான் மிஞ்சியது. 2025 வேர்ல்டு சீரிஸில் இரண்டாவது ஆட்டம் முழுவதையும் ஒற்றை ஆளாக எறிந்து முடித்தார். ஆறாவது ஆட்டத்தில் 96 பந்து எறிந்தார். மறுநாளே ஏழாவது ஆட்டத்திலும் வந்து கடைசி வரை எறிந்தார். மூன்று வெற்றியும் அவர் பெயரில்.

பிடிக்கிறவர் மூக்கி பெட்ஸ். வருஷக்கணக்கில் வலது பக்க எல்லையில் நின்று பேர் வாங்கியவர், முப்பது வயதுக்கு மேல் ஷார்ட்ஸ்டாப் என்கிற, இரண்டாவது மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கும் மிகக் கடினமான இடத்துக்கு மாறினார். முழுக்கை சட்டை தைக்கிறவனைக் கோட்டு தைக்கச் சொன்ன மாதிரி. பந்து வருமுன் அவர் எங்கே நிற்கிறார் என்று மட்டும் பாருங்கள், போதும்.

இக்கட்டான நேரத்துக்கு ஃப்ரெடி ஃப்ரீமன். என் மனதுக்கு மிக நெருக்கமானவர் இவர்தான். எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே முழுக்கை போட்டுத்தான் ஆடுவார். அவருக்குப் பத்து வயதாக இருக்கும்போது அம்மா தோல் புற்றுநோயில் இறந்துபோனார். அந்த நினைவுக்காக அந்தக் கை. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அவர் வந்து நின்றால் நான் முதலில் அந்த மணிக்கட்டைத்தான் பார்ப்பேன். 2024 வேர்ல்டு சீரிஸ் முதல் ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், மூன்று பேஸிலும் ஆள். கணுக்கால் சுளுக்கோடு வந்து, வந்த முதல் பந்தையே வெளியே அனுப்பினார். நான்கு ரன், ஆட்டம் முடிந்தது. அடுத்த வருஷம் 18 இன்னிங்ஸ் போன ஆட்டத்தையும் அவர்தான் ஹோம் ரன்னால் முடித்தார். அது காலை ஐந்தரைக்கு மேல் தொடங்கிப் பகல் பன்னிரண்டைத் தாண்டியது. அன்று கடையைத் திறந்துவைத்துக்கொண்டே பார்த்தேன்.

சரி, ஐந்தாவது இடம். கோப்பைக்கான சுற்றுகள் நடக்கும் அக்டோபர் வரை இதைக் காலியாக வையுங்கள். நிச்சயம் யாராவது வருவார். எனக்கு வந்தவர் மிகெல் ரோஹாஸ். 36 வயது, அடிக்கும் வரிசையில் கடைசி ஆள், 2025 சீசன் முழுக்க ஏழே ஹோம் ரன். அந்த வருஷ வேர்ல்டு சீரிஸின் ஏழாவது ஆட்டம், வழக்கமாக ஆட்டம் முடியும் ஒன்பதாவது இன்னிங்ஸ், எதிரணி டொரன்டோ ஒரு ரன் முன்னால் நிற்கிறது. அன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் நான், மனைவி, தம்பி மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். இன்னும் இரண்டு அவுட் விழுந்தால் முடிந்தது. அந்த ஆள் அடித்தார், பந்து இடது பக்கம் சுவரைத் தாண்டியது, ஆட்டம் சமம். அதே இன்னிங்ஸில் டொரன்டோ அடிக்க வந்து மூன்று பேஸும் நிறைந்திருந்தபோது, உருண்டு வந்த பந்தைத் தடுமாறிக்கொண்டே எடுத்து ஹோமுக்கு எறிந்தார். அங்கே நின்ற கேட்சரின் கால் ஹோம் பலகையில் பட்டதும் ஓடி வந்தவர் சறுக்கியதும் மயிரிழை வித்தியாசம். அவுட். "இவரு யாருங்க? இவரப் பத்தி நீங்க ஒண்ணுமே சொல்லலையே" என்று மனைவி கேட்டாள். உண்மைதான், அதுவரை நானே அவரைச் சரியாகப் பார்த்ததில்லை.

பதினொன்றாவது இன்னிங்ஸில் கேட்சர் வில் ஸ்மித் ஹோம் ரன் அடிக்க, டாட்ஜர்ஸ் 5-4. கடைசிப் பந்தை யாமமோட்டோ எறிந்தார். தரையில் உருண்டதை பெட்ஸ் எடுத்து, இரண்டாவது பேஸை மிதித்து, ஃப்ரீமனுக்கு எறிந்தார். டபுள் ப்ளே, ஒரே பந்தில் இரண்டு அவுட். கோப்பை.

கட்டிங் மேஜை ஓரத்தில் துணிக்குக் கோடு போடும் சாக்பீஸால் இந்த ஐந்து பெயரையும் எழுதி வைத்திருந்தேன். சீசன் முடிந்ததும் ஐந்தாவதை மட்டும் ஈரத்துணியால் துடைத்தேன். ரோஹாஸ் பெயரைத் துடைக்கும்போது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இடம் காலியாக இருக்க வேண்டும்.