மா கடையில், உப்பு என் கையில்

காலை ஆறே முக்காலுக்குப் பள்ளிக்கூட வான் திருகோணமலையில் எங்கள் உவர்மலை முடக்கில் வந்து ஹோர்ன் அடிக்கும். அதற்குள் இரண்டு பிள்ளைகளுக்கும் சாப்பாடு கட்டி முடித்திருக்க வேண்டும். அரிசி ஊறப்போட்டு, இடித்து, மா வறுக்க எனக்கு நேரமில்லை. பக்கற் மாதான் வாங்குகிறேன். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

கடையில் நான் பார்ப்பது ஒன்றைத்தான். உப்பும் சீனியும் ஏற்கெனவே போட்டாயிற்றா, இல்லையா? வறுத்த அரிசி மா, குரக்கன் மா, உடைத்த பருப்பு எல்லாம் இடிக்கிற, அரைக்கிற வேலையை மட்டும் மிச்சம் பிடித்துத் தருபவை. தாராளமாக வாங்குங்கள். சூப் கட்டி, சோஸ், சொசேஜஸ் அப்படியல்ல. யாரோ எனக்காக உப்புப் போட்டு முடித்துவிட்டார்கள்.

பக்கற்றில் இருக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டங்களைப் பாருங்கள். 100 கிராமில் உப்பு 1.25 கிராமைத் தாண்டினாலோ, சீனி 22 கிராமைத் தாண்டினாலோ சிவப்பு. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புப் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு தேக்கரண்டி அளவுதான்.

மாரியில் கடல் அடிக்கும்போது சந்தையில் மீன் விலையைக் கேட்கவே பயம். அப்போது டின்மீன்தான். கல்யாணமான புதிதில் ஒருநாள் டின்மீன் குழம்பில் சூப் கட்டியும் போட்டு, வழமையான உப்பையும் போட்டுவிட்டேன். மாமி ஒரு வாய் வைத்துவிட்டு, "பிள்ளை, டச் பே கடலையே அள்ளி ஊத்திப்போட்டீரோ?" என்றார்.

இப்போது செய்யும் முறை இது. டின்னில் உள்ள தண்ணீரை ஊற்றிவிட்டு, மீனை ஒருமுறை அலசுங்கள். நடுமுள் மென்மையாகத்தான் இருக்கும், எடுக்க வேண்டாம், கல்சியம் அதில்தான். வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலையைத் தாளித்து, தக்காளி, வீட்டுத் தூள், புளி சேர்த்து நன்றாகக் கொதிக்கவிடுங்கள். மீனைக் கடைசியில் போட்டு ஐந்து நிமிடம், கிளறாமல் சட்டியை ஆட்டிவிட்டால் போதும். உப்பு? இறக்கும்போது நாக்கில் வைத்துப் பார்த்த பிறகு. மிஞ்சிய மீனை டின்னோடு ஃபிரிஜ்ஜில் வைக்காமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

நூடில்ஸ் வெள்ளிக்கிழமை மட்டும். தூளில் பாதி, கூடவே லீக்ஸ், கரட், ஒரு முட்டை. மிச்சத் தூளை அப்போதே கொட்டிவிடுவேன். வைத்திருந்தால் கை சும்மா இராது.

சனிக்கிழமை இரண்டு தேங்காய் திருவிச் சின்னச் சின்னப் பைகளில் ஃபிரீசரில் போட்டுவிடுவேன். காலையில் புட்டுக்கு ஒரு பை. ஞாயிறு இரவு கடலை ஊறப்போட்டு, திங்கள் விடியவே அவித்தால் இடைவேளைக்கு இரண்டு நாள் ஓடும்.

சின்னவன் அந்தக் கடலையைக் கொடுத்துப் பக்கத்து மேசைப் பிள்ளையிடம் கிரீம் பிஸ்கட் வாங்கிச் சாப்பிடுகிறானாம். அக்காக்காரி வந்து சொன்னாள். நான் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.