மைக்ரோவேவ் அடுப்பைப் பாதுகாப்பாகக் கையாளும் முறை

மைக்ரோவேவ் அடுப்பைப் பற்றிப் பேச்செடுத்தால், பெரும்பாலான வீடுகளில் முதலில் எழும் கேள்வி கதிர்வீச்சைப் பற்றியதாகவே இருக்கிறது. ஆனால் இந்த அடுப்பினால் வீடுகளில் நேரும் காயங்களில் மிகுதியானவை கொதிநீரோ சூடான குழம்போ நீராவியோ பட்டு உண்டாகும் சூட்டுக் காயங்களே. தீப்பிடிப்பதும், பழுது பார்க்கிறேன் என்று மேல்மூடியைக் கழற்றியவர் மின்சாரம் தாக்கி உயிரிழப்பதும் அரிதானவை என்றாலும் மிகவும் கொடியவை. நம்முடைய கவனத்தை இவற்றின் மீதுதான் முதலில் செலுத்த வேண்டும்.

கதிர்வீச்சைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அடுப்பினுள் மேக்னட்ரான் என்னும் கருவி உண்டாக்கும் அலைகளின் அதிர்வெண் 2,450 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். இவை எக்ஸ்-கதிர்களைப் போல அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்தெடுப்பவை அல்ல. உணவைச் சூடாக்குவதோடு அவற்றின் வேலை முடிந்துவிடுகிறது, அடுப்பு நின்ற நொடியே அலைகளும் நின்றுவிடுகின்றன. கதவின் கண்ணாடிக்குப் பின்னால் தெரியும் உலோக வலையின் துளைகள் அலைநீளத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறியவை என்பதால், வெளிச்சம் வெளியே வந்தாலும் அலைகள் அநேகமாக வருவதில்லை. அமெரிக்காவில் 1971 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, எத்தனை ஆண்டுகள் பயன்படுத்திய அடுப்பானாலும், அதன் பரப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தொலைவில் கசிவு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது. அரை மீட்டர் தள்ளி நின்றால் அதுவும் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கசிவை அறிய, கைபேசியை உள்ளே வைத்து, அழைப்பு வருகிறதா என்று பார்க்கும் சோதனையால் பயனில்லை. மிக நலிந்த சைகையையும் பிடிக்கும்படி கைபேசி செய்யப்பட்டிருப்பதால், நல்ல அடுப்புக்குள்ளும் அது ஒலிக்கக் கூடும்.

அடுப்பை வைக்கும் இடத்தில் முதலில் பார்க்க வேண்டியது பிளக்பாயின்ட். 800 வாட் வெப்பம் தரும் சாதாரண அடுப்பே சுமார் 1,200 வாட் மின்சாரத்தை இழுக்கிறது. கிரில், கன்வெக்‌ஷன் வசதிகள் உள்ளவை 2,000 வாட்டையும் தாண்டுகின்றன. ஆகவே முறையான எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக்பாயின்ட்டில் நேரடியாகச் செருக வேண்டும். மிக்ஸியும் கிரைண்டரும் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அல்ல. காற்றுப் போக்கிகளை மறைக்கும்படி சுவரோடு ஒட்டி வைப்பதும், மேலே துணி விரிப்பதும் கூடாது.

இனி, பலருக்கும் தெரியாத ஆபத்து ஒன்று. சுத்தமான, வழவழப்பான கண்ணாடி அல்லது பீங்கான் கோப்பையில் தண்ணீரை மட்டும் வைத்துச் சூடாக்கினால், அது 100 டிகிரியைத் தாண்டிய பிறகும் ஒரு குமிழிகூட எழாமல் அசைவற்று இருக்கக் கூடும். குமிழி உருவாக ஒரு கீறலோ துகளோ தேவை. கேஸ் அடுப்பில் வைத்த பாத்திரத்தின் அடிப்பகுதியில் அது கிடைத்துவிடும், இங்கே கிடைப்பதில்லை. அந்தக் கோப்பையைக் கையில் எடுத்து, இன்ஸ்டன்ட் காபித் தூளையோ சர்க்கரையையோ போட்ட மாத்திரத்தில், தேங்கியிருந்த வெப்பம் முழுவதும் ஒரே கணத்தில் ஆவியாகச் சீறி, தண்ணீரை முகத்திலும் கையிலும் வாரியிறைக்கிறது. தவிர்ப்பது எளிது: தண்ணீர் வைக்கும்போதே ஒரு மரக் கரண்டியையோ ஐஸ் குச்சியையோ அதில் போட்டு வைக்க வேண்டும், தேவைக்கு மேல் நேரம் வைக்கக் கூடாது, நின்ற பிறகு ஒரு நிமிடம் உள்ளேயே விட்டு எடுக்க வேண்டும். ஒருமுறை சூடாக்கி ஆறிய தண்ணீரை அப்படியே மறுபடியும் சூடாக்குவது இன்னும் ஆபத்தானது, ஏனெனில் குமிழிக்கு உதவும் கரைந்த காற்றும் முதல் முறையிலேயே வெளியேறியிருக்கும்.

ஓட்டோடு இருக்கும் முட்டை உள்ளே வெடிக்கும் என்பது பலருக்குத் தெரியும். அவித்து உரித்த முட்டையும், மீண்டும் சூடாக்கினால் அடுப்பில் வெடிக்காமல் தட்டில் வந்து வெடிக்கலாம் என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. முட்டையை இரண்டாக வெட்டியே சூடாக்க வேண்டும். உருளைக்கிழங்கு, முழுக் கத்தரிக்காய் போன்ற தோலுள்ளவற்றை முள்கரண்டியால் நான்கைந்து இடங்களில் குத்திவிட வேண்டும். மூடிய பாத்திரத்தில் ஆவி போக இடம் விட்டிருக்க வேண்டும், திறக்கும்போது மூடியில் நம்மை விட்டு அப்பால் உள்ள பக்கத்தை முதலில் தூக்க வேண்டும். எண்ணெயில் பொரிப்பதை இந்த அடுப்பில் முயலவே கூடாது. சூட்டைக் கட்டுப்படுத்த வழியில்லை.

பாத்திரங்களில், எவர்சில்வர் தம்ளரும் அலுமினியம் ஃபாயிலும் ஆகாது என்பதை எல்லோரும் அறிவர். கவனத்துக்குத் தப்பிவிடுபவை சிறியவை: பீங்கான் தட்டின் தங்க விளிம்பு, பார்சல் பொட்டலத்தில் குத்திய ஸ்டேப்ளர் பின், உள்ளே வெள்ளிப் பூச்சுள்ள பிரியாணிப் பொட்டலத் தாள். மெலமைன் தட்டு தானே சூடேறி விரிசல் விடலாம். உணவகப் பார்சலின் மெல்லிய பிளாஸ்டிக் டப்பா எண்ணெய்க் குழம்பின் சூட்டில் இளகிவிடும். ‘மைக்ரோவேவ் சேஃப்’ என்ற முத்திரை பாத்திரம் உருகாது என்பதற்கான உறுதி என்றே நான் கொள்வேன்; அதற்கு மேல் அதை நம்பாமல், கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றிவிடுவதே என் பரிந்துரை.

அலைகள் உள்ளே ஒரே சீராகப் பரவுவதில்லை. ஏறத்தாழ 6 சென்டிமீட்டருக்கு ஒன்றாகச் சூடான இடங்கள் அமைகின்றன. சுழலும் தட்டு அதை ஓரளவே சரிசெய்கிறது. ஆகவே பாதி நேரத்தில் நிறுத்திக் கிளறி, முடிந்த பின் இரண்டு நிமிடம் ஆற விட்டு, நடுப்பகுதியும் ஆவி பறக்கச் சூடாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 74 டிகிரி என்பது பாதுகாப்பான அளவு. குழந்தைக்கான பாலை இதில் சூடாக்காதீர்கள்: புட்டி கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும்போதே நடுவில் உள்ள பால் வாயைச் சுடும் அளவுக்குக் கொதித்திருக்கலாம். இரவெல்லாம் வெளியே இருந்த சோற்றையும் இந்த அடுப்பால் காப்பாற்ற முடியாது. சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி விட்டுச்செல்லும் நஞ்சு, மறுபடி சூடாக்குவதால் அழிவதில்லை.

உள்ளே தீப்பிடித்தால் கதவைத் திறக்கவே கூடாது. சுவிட்சை அணைத்து, முடிந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் காத்திருந்தால், காற்றில்லாமல் தீ தானே அடங்கும். ஒரு கைப்பிடி கறிவேப்பிலையை உலர்த்த வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போவதும், பாப்கார்னுக்குக் கூடுதல் நிமிடங்கள் கொடுப்பதும் இப்படி முடிகின்றன. வெறும் அடுப்பையும் ஓட விடக் கூடாது. உள்சுவரில், பெரும்பாலும் வலப்பக்கத்தில், அட்டை போலத் தெரியும் மைக்கா தகட்டின் மேல் தெறித்த குழம்பு காய்ந்து கரியாகிவிட்டால் அங்கே பொறி பறக்கும். ஈரத் துணியால் அவ்வப்போது துடைத்தால் இந்த நிலை வராது. கருகிவிட்டால் தகட்டை மாற்றும்வரை அடுப்பை இயக்கக் கூடாது.

கடைசியாகக் கதவு. அது வளைந்தாலோ, கீல் ஆடினாலோ, வலை துருப்பிடித்தாலோ அடுப்பை உடனே நிறுத்திவிட வேண்டும். கதவைத் திறந்ததும் அலைகள் நிற்கும்படி உள்ளே தனித்தனிச் சிறு சுவிட்சுகள் இருக்கின்றன. அவை பழுதாகித் திறந்த கதவோடு அடுப்பு ஓட நேர்ந்தால், காவலாக வைத்துள்ள இன்னொரு சுவிட்ச் வேண்டுமென்றே ஃபியூஸை எரித்துவிடும்படி பல அடுப்புகள் அமைக்கப்பட்டுள்ளன. ஆகவே, கதவைத் திறக்கும்போது ஃபியூஸ் போனால் அது ஓர் எச்சரிக்கை. கூடுதல் ஆம்பியர் ஃபியூஸையோ ஒரு கம்பித் துண்டையோ போட்டு ஓட்டுவது அந்தக் காவலையே நீக்குவதாகும். மேல்மூடியை நாமே கழற்றுவது அதைவிடப் பெரிய தவறு. உள்ளிருக்கும் கெப்பாசிட்டர் 2,000 வோல்ட்டுக்கும் மேலான மின்னழுத்தத்தில் இயங்குவது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் ஆளைக் கொல்லப் போதிய மின்சாரம் தேங்கியிருக்கலாம். மைக்ரோவேவ் பழகிய மெக்கானிக்கிடமே கொடுத்து, கதவோ பூட்டோ மாற்றப்பட்டிருந்தால், கசிவை அதற்குரிய மீட்டரால் அளந்து காட்டச் சொல்லி வாங்க வேண்டும்.