மேக்ரோ பழக மவுஸ் கிளிக்கை ரெக்கார்ட் செய்யாதீர்கள், சுருக்கெழுத்தில் தொடங்குங்கள்

மேக்ரோ என்பது திரும்பத் திரும்பச் செய்யும் வேலையைக் கணினியே செய்யும்படி அமைத்து வைப்பது; இங்கே சுருக்கெழுத்து என்பது சில எழுத்துகளை அடித்தாலே முழு வரியும் வந்துவிடும் மேக்ரோ. விண்டோஸில் இதற்கான ஆட்டோஹாட்கீ என்ற நிரலை (இலவசம், பதிப்பு 2) நிறுவியதும், நோட்பேடில் இந்த ஒரு வரியை எழுதுங்கள்:

:*:,,1::உங்கள் முழு முகவரி

கோப்பின் பெயர் .ஏஎச்கே என்று முடிய வேண்டும் (அந்த மூன்று எழுத்தும் ஆங்கிலத்தில்). நோட்பேட் பின்னால் .டிஎக்ஸ்டி சேர்த்துவிட்டால் ஓடாது. சேமிக்கும்போது 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றுங்கள். கோப்பை டபுள் கிளிக் செய்தபின் எங்கே ,,1 என்று அடித்தாலும் முகவரி வந்துவிடும். நட்சத்திரக் குறி இல்லாவிட்டால் ஸ்பேஸோ என்டரோ தட்டும்வரை காத்திருக்கும்.

ரெக்கார்ட் செய்த மவுஸ் கிளிக், திரையில் ஒரு குறிப்பிட்ட புள்ளியை நம்பியிருக்கிறது. விண்டோ கொஞ்சம் நகர்ந்தாலே வேறு பட்டனை அழுத்திவிடும். சுருக்கெழுத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, கர்சர் இருக்கும் இடத்தில் எழுதுகிறது. தூண்டும் எழுத்து மட்டும் சாதாரணமாக அடிக்காததாக இருக்கட்டும்; இரட்டைக் காற்புள்ளி அதற்காகத்தான். வரியைத் திருத்தினால், கடிகாரத்தின் அருகே உள்ள பச்சை 'எச்' ஐகானை ரைட் கிளிக் செய்து 'ரீலோட் ஸ்கிரிப்ட்' கொடுங்கள் (ஸ்கிரிப்ட் என்பது நீங்கள் எழுதிய இந்தக் கோப்புதான்). பலரும் தடுமாறுவது இங்கேதான்.

அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதியில் ஓடும் நிரலுக்குள், சாதாரணமாகத் திறந்த ஸ்கிரிப்ட் வேலை செய்யாது. ஆன்லைன் விளையாட்டுகளில் பயன்படுத்தவே வேண்டாம், கணக்கு முடக்கப்படலாம். பாஸ்வேர்டையும் இதில் வைக்காதீர்கள்: கோப்பைத் திறக்கும் எவரும் அப்படியே படிக்கலாம்.