சுற்றி வரும் வாதத்தைக் கண்டுகொள்வது எப்படி?

பென்னாகரம் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில், போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரைப் பற்றிச் சித்தப்பாவிடம் ஒருநாள் பேச்சுக் கொடுத்தேன். "நம்ம தண்ணி நல்ல தண்ணிதாம்ப்பா, குடிச்சு யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை இருக்கிறதே என்றேன். "அது தண்ணியால வந்தது இல்ல." எப்படித் தெரியும் என்றேன். "நல்ல தண்ணி குடிச்சு எங்கயாவது பல்லு கறை பிடிக்குமா?"

ஒவ்வொரு பதிலும் தனித்தனியே இயல்பாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் கடைசிப் பதில், நிறுவ வேண்டிய முதல் கூற்றையே காரணமாக எடுத்துக்கொள்கிறது. இந்தியத் தருக்க மரபு இக்குற்றத்தை வகைபிரித்துப் பெயரிட்டிருக்கிறது: ஒரு கூற்று தன்னையே தாங்கினால் ஆத்மாசிரயம், இரண்டு ஒன்றையொன்று தாங்கினால் அன்னியோன்னியாசிரயம், மூன்றோ அதற்கு மேலோ சுற்றி வந்தால் சக்கரகம். சித்தப்பாவினுடையது சக்கரகம். மாங்காய் மண்டியில் "இரண்டாந்தரம், அதனால் இந்த விலை, இந்த விலைக்குப் போவது இரண்டாந்தரம்தானே" என்று சொல்லப்படுவது அன்னியோன்னியாசிரயம்.

கண்டுபிடிக்க, வாதத்தைத் தாளில் எழுதி, ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே "ஏன்?" என்று கேட்டு, விடையை அடுத்த வரியில் எழுதிக்கொண்டே போக வேண்டும். முன்பு எழுதிய வரியே வேறு சொற்களில் திரும்பி வந்தால் அங்கே சுற்று இருக்கிறது. வாய்ப்பேச்சில் தாளுக்கு இடமில்லாதபோது ஒரே கேள்வி போதும்: முடிவை நம்பாத ஒருவர் இந்தக் காரணத்தை மட்டும் ஏற்றுக்கொள்ள முடியுமா?

தக்காளி விலை ஏறினால் எல்லோரும் நடுகிறார்கள், எல்லோரும் நட்டால் விலை விழுகிறது, விழுந்தால் நடுவதை விடுகிறார்கள் என்று பாலக்கோட்டில் ஒருவர் சொன்னால், அதைக் குற்றமாகக் கொள்ளக் கூடாது. அது உலகில் நடக்கும் சுழற்சியே தவிர, ஒன்றை மெய்ப்பிக்கும் முயற்சி அன்று.

சுற்றிலிருந்து வெளியேற, சர்ச்சைக்குரிய முடிவைச் சாராத ஒரு சான்று வெளியிலிருந்து வர வேண்டும். இதை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன். நீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடு என்ற கனிமப் பொருள் அளவுக்கு மிஞ்சினால் பல்லில் கறை உண்டாக்கும். "தண்ணீரில் ஃபுளோரைடு இருக்கிறது, கறையைப் பாருங்கள், அது ஃபுளோரைடு கறைதான், தண்ணீரில் இருக்கிறதே" என்று நானும் அன்று சுற்றித்தான் வந்தேன். தருமபுரி மாவட்டத்தின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பதும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகவே வந்தது என்பதும் உண்மை. ஆனால் அவை எங்கள் போரைப் பற்றிய சான்று ஆகா. ஃபுளோரைடுக்கு நிறமோ மணமோ இல்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. பல் உருவாகும் குழந்தைப் பருவத்தில் உடலில் சேர்ந்தால்தான் பல்லில் கறை படியும் என்பதால், "நாற்பது வயதில் இங்கு வந்தேன், என் பல்லுக்கு ஒன்றுமில்லையே" என்பதும் எதையும் காட்டாது.

ஆகவே நீரைப் பரிசோதிப்பது என்று முடிவு செய்தோம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குடிப்பதற்கு ஒகேனக்கல் நீரை மட்டும் பயன்படுத்துவதாகச் சித்தப்பாவும், 1 மில்லிகிராமுக்குள் இருந்தால் கறைக்கு வேறு காரணம் தேடுவதாக நானும், முடிவு வருவதற்கு முன்பே ஒப்புக்கொண்டோம். அப்படி முன்கூட்டியே பேசிவைத்தால்தான், பிறகு வரும் எண்ணையும் பழைய சுற்றுக்குள் இழுத்துக்கொள்ள யாராலும் முடியாது. மறுநாள் காலை சித்தப்பாவே பிளாஸ்டிக் பாட்டிலை அதே போர் தண்ணீரில் மூன்று முறை அலசி, நிரப்பி, மூடிக் கொடுத்தார்.