ஒரே பிரிண்டர், வீட்டில் எல்லோருக்கும்: வைஃபையில் இணைக்கும் முறை

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் மாடி வைத்த குறுகலான வீடுகளில் ரவுட்டர் பெரும்பாலும் கீழே வாசல் பக்கம் இருக்கும், பிரிண்டர் மேல் மாடியில் இருக்கும். நடுவில் உள்ள கான்கிரீட் தளம் சிக்னலை வெகுவாகக் குறைத்துவிடும். அதனால் முதல் இணைப்பை மட்டுமாவது பிரிண்டரை ரவுட்டர் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள்.

வீட்டு பிரிண்டர்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும். ரவுட்டர் இரண்டு பெயர் காட்டினால் '5ஜி' என்று முடியாத பெயரைத் தேர்ந்தெடுங்கள். பிரிண்டரில் திரை இருந்தால் பாஸ்வேர்டை அதிலேயே அடிக்கலாம். இல்லாவிட்டால் ரவுட்டரில் பாஸ்வேர்டு அடிக்காமலே இணைக்கும் டபிள்யூபிஎஸ் பட்டனை அழுத்தி, 2 நிமிடத்துக்குள் பிரிண்டரின் வைஃபை பட்டனை அழுத்திப் பிடியுங்கள். பாஸ்வேர்டு சரியாக இருந்தும் பழைய பிரிண்டர் சேரவில்லையா? ரவுட்டரின் வைஃபை பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருக்கிறதா பாருங்கள். டபிள்யூபிஏ2 ஆக மாற்றினால் சேரும்.

பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். கரண்ட் போய் வந்த மறுநாள் 'ஆஃப்லைன்' என்று வருவது அதனால்தான். ரவுட்டர் மறுபடி உயிர்பெறும்போது பிரிண்டருக்கு வேறு ஐபி எண் (நெட்வொர்க்கில் அதன் முகவரி) கொடுத்திருக்கும். கம்ப்யூட்டரோ பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கும். டிரைவரை அழித்துத் திரும்பப் போட்டால் அடுத்த கரண்ட் கட் வரைதான் தாங்கும். எண்ணை நிலையாக்குவதே சரியான வழி.

பிரிண்டரின் நெட்வொர்க் விவரத் தாளை அச்சிடுங்கள். அதில் ஐபி எண்ணும், பிரிண்டரின் மாறாத அடையாளமான, எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்து இரண்டிரண்டாகப் பிரித்த 12 இலக்க மேக் எண்ணும் இருக்கும். பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 அடித்து ரவுட்டருக்குள் போங்கள். சரியான முகவரி ரவுட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். ஐபி எண்களைப் பங்கிடும் டிஹெச்சிபி பகுதியில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்பதைத் திறந்து, மேக் எண்ணையும் உங்கள் ரவுட்டரின் வரிசையிலேயே ஓர் ஐபி எண்ணையும், உதாரணமாக 192.168.1.50, கொடுத்துச் சேமியுங்கள். பிரிண்டரை அணைத்துப் போட்டு, தாளை மறுபடி அச்சிட்டுச் சரிபாருங்கள்.

இனி விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ், ஆட் டிவைஸ். பட்டியலில் தானாக வந்தாலும், கைமுறையாகச் சேர்க்கும் வழியில் அந்த ஐபி எண்ணையே கொடுப்பது நல்லது. ஆண்ட்ராய்டில் பிரிண்டர் தெரியாவிட்டால் மோப்ரியா பிரிண்ட் சர்வீஸ் என்ற ஆப்பைப் போடுங்கள். ஐபோனுக்கு ஏர்பிரிண்ட் (ஆப்பிளின் வைஃபை அச்சு வசதி) உள்ள பிரிண்டர் போதும். போன் விருந்தினருக்கான கெஸ்ட் வைஃபையில் இருந்தால் எதுவும் கண்ணில் படாது.

எச்பி லேசர்ஜெட் 1020 போல யுஎஸ்பி மட்டும் உள்ள பிரிண்டரை ஒரு கம்ப்யூட்டரில் செருகி, பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் ஷேரிங் தாவலைத் திறந்து பகிருங்கள். இரண்டு கம்ப்யூட்டரிலும் நெட்வொர்க் 'பிரைவேட்' என்று இருக்க வேண்டும். ரவுட்டரின் யுஎஸ்பி துளையில் இந்த மாடலைச் செருகிப் பயனில்லை: ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர்தான் இதற்கு ஃபர்ம்வேர் (பிரிண்டரை இயக்கும் உள் மென்பொருள்) ஏற்ற வேண்டும். அந்தக் கம்ப்யூட்டர் ஸ்லீப்பில் போனாலும் பிரிண்ட் வராது. பவர் செட்டிங்ஸில் ஸ்லீப்பை 'நெவர்' ஆக்கிவிடுங்கள்.