மூட்டு, தசைக் கோளாறுகளுக்குக் குழுப் பயிற்சி நடத்தும் முறை

மூட்டுத் தேய்மானமோ நாள்பட்ட தசைவலியோ உள்ளவர்களுக்குக் குழுவாகப் பயிற்சி அளிக்கும் இயன்முறை மருத்துவர், ஒரு வகுப்பில் 8 முதல் 10 பேரை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. கூட்டம் பெருகினால் யாருடைய முழங்கால் உள்பக்கம் மடங்குகிறது என்பதைக் கவனிக்க இயலாது. சேர்க்கும் முன் ஒவ்வொருவரையும் தனியே பரிசோதித்து, மூட்டு சிவந்து சூடாக வீங்கியிருப்பவரை மருத்துவரிடம் அனுப்பிவிட வேண்டும்.

நின்ற இடத்திலேயே நடந்தும் தோள்களைச் சுழற்றியும் உடலைச் சூடேற்றிய பின், நாற்காலியிலிருந்து எழுந்து அமரும் பயிற்சிக்கு வரலாம். பாதங்களை இடுப்பளவு அகலத்தில் வைத்து, குதிகால்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து, மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும்வரை முன்சாய்ந்து எழ வேண்டும். அமரும்போது தொப்பென்று விழாமல், மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெல்ல இறங்குவதில்தான் தொடைத் தசைக்கு உண்மையான வேலை இருக்கிறது. கையூன்றாமல் எழ முடியாதவருக்கு இருக்கையின் மேல் கெட்டியான மெத்தை ஒன்றைப் போட்டு உயரத்தைக் கூட்டிக் கொடுக்கலாம்.

பக்கத்திலிருப்பவர் 10 முறை எழுந்தால் தானும் எழுந்தே தீர வேண்டும் என்ற வீம்பு குழுவுக்கே உரிய தொல்லை. பயிற்சியால் கூடிய வலி மறுநாளும் தணியாதவருக்கு அடுத்த வகுப்பில் எண்ணிக்கையைக் குறைத்துவிட வேண்டும்.